விருந்தாளிகளுக்கு விட்டு வைத்த புல்

உலகத்தில் என்னென்னவோ உத்தியோகம் இருக்கிறது. ஆனால் சிஹாருவுடையதைப் போல ஒன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. கைக்காசைச் செலவழித்து விமானம் ஏறி வந்து, கூலி வாங்காமல் உழைக்க ஆசைப்படுகிற வெளிநாட்டுப் பிள்ளைகளை, அவர்களை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடாத ஊருக்குக் கூட்டிவந்து விடுவதுதான் அவளுடைய வேலை. அந்த ஊர் எங்கள் இசோதானி. விடாதவர்களில் முதல் ஆள் யார் என்றால், மாதர் சங்கத் தலைவி ஷிகேனோ. அதாவது நான்.

சிஹாரு ஒசாகாக்காரி. அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் குனிந்து குனிந்து இடுப்பு போனது என்பாள். கல்யாணம் ஒன்று நடந்து முடிந்திருந்தது. அதைப் பற்றி நாங்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மாட்சுயாமா நகரத்தில் இருக்கும் ஓர் அமைப்பு, வெளிநாட்டுத் தன்னார்வலர்களைக் கிராமங்களுக்கு அனுப்புகிற அமைப்பு, அவளை எங்கள் கடலோரப் பகுதிக்கு ஒருங்கிணைப்பாளராகப் போட்டது. பள்ளிக்கூடம் மூடிய பிறகு பூட்டிக் கிடந்த வாத்தியார் வீட்டை ஊர் அவளுக்குக் கொடுத்தது. வாய்க்காலை ஒட்டிய வீடு. தவளைச் சத்தம் இலவசம்.

வேலை என்னமோ லேசுப்பட்டதில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் போனில் காலையிலிருந்து பேச்சுதான். ஒருவன் மீன் தின்ன மாட்டான், ஒருத்திக்குக் கோதுமை ஆகாது, ஒருவன் முதுகு முழுக்கப் பச்சை குத்தியிருப்பதால் ஊர்க் குளியல் கூடத்தில் விட மாட்டார்கள், ஒருத்தி வந்த மறுநாளே அம்மாவை நினைத்து அழுகிறாள். எல்லாரையும் சமாளித்து, நசுங்கிய வெள்ளை மினி லாரியில் ஏறி இறங்கி, போனிலேயே மூன்று பாஷையில் மன்னிப்புக் கேட்பாள். பேசும்போது எதிரில் ஆள் இல்லாவிட்டாலும் குனிவாள். ஹோட்டல் பழக்கம்.

முதல் வருடக் கதையிலிருந்தே சொல்கிறேன். அவள் எங்கள் மலைச்சரிவைப் போட்டோ எடுத்தாள். ஆள் குறைந்து போனதால் மூங்கில் காடு இறங்கி வந்து ஆரஞ்சுத் தோட்டத்துப் படிக்கட்டுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம். பாதையே தெரியாது. அந்தப் போட்டோவை, 'உதவிக் கரங்கள் தேவை' என்று எழுதி இணையத்தில் போட்டுவிட்டாள். எங்கள் ஊர்த்தலைவர் தோகுஜியின் மகள், ஹிரோஷிமாவில் இருப்பவள், அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"அப்பா, நம்ம ஊர் லட்சணம் உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. ஜெர்மனிக்காரன்கூடப் பார்க்கிறான்."

தோகுஜிக்கு முகம் செத்துவிட்டது. அன்று மாலையே ஊர்க்கூடத்தில் கூட்டம். வீட்டுக்கு ஆள் வரப்போகிறது, வாசல் இப்படியா கிடப்பது? பல வருடமாக இடுப்பு வலி, முழங்கால் வலி என்று ஒதுங்கியிருந்த கிழங்கள் எல்லாம் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறின. நான் சோற்றுருண்டை பிடித்துப் பிடித்து உள்ளங்கை வெந்தது. பிள்ளைகள் வந்து இறங்குவதற்குள் சரிவு வழித்துத் துடைத்த மாதிரி ஆகிவிட்டது.

வந்தவர்களில் யோனாஸ் என்று ஒரு ஜெர்மன் பையன், புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, போனில் இருந்த போட்டோவையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தான். சிஹாருவிடம் ஏதோ கேட்டான்.

"இந்த மூங்கில் எங்க இருக்குன்னு கேக்குறாரு," என்றாள் அவள்.

தோகுஜி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வெட்டியாச்சுன்னு சொல்லுங்க! ஒண்ணு விடாம வெட்டியாச்சு!" என்றார்.

அதை மொழிபெயர்க்கும்போது சிஹாருவின் முகம் எப்படிப் போனது என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்கவில்லை, அவளுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து உப்புப் பிளம் ஊறுகாய் கொடுத்தேன்.

பிறகு என்ன, அந்தப் பிள்ளைகளுக்குச் சாப்பிடுவதுதான் வேலை. முதல் வீட்டில் கடல் பிரீம் மீன் போட்ட சோறு என்றால் அடுத்த வீடு சும்மா இருக்குமா? அங்கே மீன் வடை, அதற்கடுத்த வீட்டில் இரண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாங்கள் இரண்டு வாரம் போட்டோம். ஒரு பிள்ளை விளக்குமாற்றைத் தொட்டால் நாலு கிழவிகள் ஓடிப்போய்ப் பிடுங்கினோம். போகும்போது அவர்கள் கால்சட்டைப் பொத்தான் பூட்ட வரவில்லை. ஊருக்குப் போய், 'அன்பான மக்கள், ஆனால் எங்களுக்கு அங்கே வேலை இல்லை' என்று எழுதினார்களாம். முதல் பாதி எங்களுக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் பாதிதான் சிஹாருவின் தலையில் விடிந்தது.

அடுத்த வருடம் அவள் தந்திரமாக வந்தாள். கோயிலுக்குப் பின்னால் இருந்த மூங்கில் தோப்பின் முதல் மரத்தில் சிவப்பு நாடா கட்டி, "தலைவரே, கையெடுத்துக் கும்பிடறேன். நாடா கட்டினதை யாரும் வெட்டாதீங்க. அது வர்றவங்களுக்கு," என்றாள். தோகுஜி சத்தியம் செய்தார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார். நாடா கட்டிய அந்த ஒரு மூங்கிலை மட்டும் விட்டுவிட்டு மொத்தத் தோப்பையும் வெட்டிச் சாய்த்தார். வந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒற்றை மூங்கிலைச் சுற்றி நின்றுகொண்டு, ஆளுக்கு நாலு இழுப்பாக ரம்பத்தை இழுத்து, கைதட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கடுத்த வருடம் தேதியை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். நாங்கள் என்ன, பால் குடிக்கிற பிள்ளைகளா? பஸ் ஓட்டுகிற நோபுவோ எங்கள் ஊர்க்காரன். "வர்ற வியாழக்கிழமை பெரிய பை வைக்க இடம் வேணும்னு அந்தம்மா சொல்லி வெச்சிருக்காங்க," என்று அவன் சொன்ன அன்றே புல்வெட்டி மெஷின்கள் உறும ஆரம்பித்தன. "யார் சொன்னது? யார் சொன்னது?" என்று அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். எல்லோரும் வானத்தைப் பார்த்தோம்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உண்டு. அதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

எங்கள் ஊரில் மழைக்கு முன்னால் ஒரு தடவை, புயலுக்குப் பின்னால் ஒரு தடவை வாய்க்கால் தூர் எடுப்போம். வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். காய்ச்சலா, மகனை அனுப்பு. மகன் ஹிரோஷிமாவிலா, ரயில் ஏறி வரச் சொல். வராத வீட்டைப் பற்றி அடுத்த தூர் வரைக்கும் பேசுவோம். அதுவும் அந்த வீட்டு வாசலில் நின்றே பேசுவோம். சிஹாரு வந்த வருடம் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, புது மண்வெட்டியோடு வந்து நின்றாள். நாங்கள் பதறிப்போனோம்.

"ஐயோ, நீங்க எதுக்கு? சேறு பட்டுடும். இப்படி நிழல்ல உக்காருங்க, சிஹாரு சான்," என்று பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' போட்டு, பாய் விரித்து, வாற்கோதுமைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தோம். அடுத்த தடவையும் வந்தாள். அடுத்த தடவையும் பாய் விரித்தோம். ஆறு வருடமாக அந்த மண்வெட்டியில் கடைக்காரன் ஒட்டிய சீட்டுகூடக் கிழியவில்லை. அவள் சிரித்துக்கொண்டேதான் உட்காருவாள். சிரிக்கிறாளே, சரிதான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

போன வருடம் மே மாதக் கடைசியில் அவளே ஊர்க்கூட்டத்தைக் கூட்டச் சொன்னாள். மழைக்காலத்துக்கு முந்திய புழுக்கம். மின்விசிறிக்கு எதிரில் யார் உட்காருவது என்று நாங்கள் சண்டை போட்டு முடிந்த பிறகு எழுந்து நின்றாள். கழுத்தில் போன் இல்லை.

"ஆகஸ்ட்ல பதினாலு பேர் வர்றாங்க," என்றாள். "இந்தத் தடவையும் வேலை இல்லேன்னு எழுதிட்டாங்கன்னா இசோதானி பேரைப் பட்டியல்லேருந்து அடிச்சிடுவோம்னு மேலாளர் சொல்லிட்டாரு. என்னை மாட்சுயாமா ஆபீஸ்ல ஒரு மேசைக்குப் போட்டுடுவாங்க. வீட்டைக் காலி பண்ணணும். எனக்குப் போக இஷ்டமில்லை. தயவு பண்ணி இந்த ஒரு வருஷம் புல்லை வெட்டாம விடுங்க."

மின்விசிறி மட்டும் தலையை ஆட்டியது. தோகுஜிக்கு இப்படிப்பட்ட நேரத்தில் மரியாதையாக ஏதாவது சொல்லியாக வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சிஹாரு சான், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அப்படியே போகவேண்டி வந்தாலும், ஊர் உங்களை ஒரு குறையில்லாம வழியனுப்பி வைக்கும். பெரிய விருந்தா வெச்சிடுவோம்."

வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இந்த மனுஷனுக்கு என்ன? ஹோட்டலில் குனிந்தே பழகிய அந்தப் பெண் நிமிர்ந்தாள். அவள் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது.

"வழியனுப்பி வைக்கிறதா? ஆறு வருஷமா இந்த ஊர்த் தண்ணியைக் குடிக்கிறேன். என் வீட்டு வாசல்ல ஓடுற வாய்க்கால்ல ஒரு கூடை மண்ணை அள்ள விட்டீங்களா? பாயைப் போட்டு உக்கார வெச்சீங்க! பஸ்ல வர்றவங்கதான் விருந்தாளி, சரி. நானுமா விருந்தாளி? என்னை யாராவது ஒரு நாள் திட்டியிருக்கீங்களா? ஷிகேனோ அக்கா, நீங்க ஊர்ல திட்டாத ஆள் உண்டா? என்னை ஏன் திட்டல?"

நியாயமான கேள்வி. தபால்காரனிலிருந்து கோயில் பூசாரி வரைக்கும் திட்டுகிறவள் நான். அவளை மட்டும் ஏன் விட்டேன்? பிடிக்காமல் இல்லை. பிடித்திருந்ததால்தான், பட்டுத்துணி மாதிரி தனியாக எடுத்து வைத்திருந்தேன். அது அவளுக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மின்விசிறிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். கூட்டம் கலைந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் செருப்பைத் தேடினோம்.

வந்த ஞாயிற்றுக்கிழமை தூர் வேலை. விடிந்தும் விடியாததுமாக தோகுஜி வாத்தியார் வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினார்.

"ஏ சிஹாரு! இன்னுமா தூங்குற? வீட்டுக்கு ஒரு ஆள்னு தெரியாதா உனக்கு? ஊரே வாய்க்கால்ல நிக்குது, மகாராணிக்குத் தனியா வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?"

கதவு திறந்தது. பூட்ஸ், தலையில் துண்டு, கையில் மண்வெட்டி. அவள் எப்போதோ தயாராகிக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறாள். நேராக வாய்க்காலில் இறங்கினாள். பழக்கதோஷம், நான் பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அதை அவள் பார்ப்பதற்குள் வேலிக்குப் பின்னால் வீசினேன்.

மண் அள்ளத் தெரியவில்லை அவளுக்கு. பாதி மண் கரைக்கு வரும், பாதி மறுபடி வாய்க்காலுக்கே போகும்.

"ஏண்டி, மண்ணைத் தூக்குறியா, தாலாட்டுறியா?" என்று நான் ஆரம்பித்து வைத்தேன். "குனியறதுலதான் உனக்கு ஒசாகாவுல பட்டமே குடுத்தாங்களே, இங்க குனிஞ்சா என்ன? முட்டியை மடக்கு. மடக்குடி!"

"மடக்கிட்டேன் அக்கா!"

"அது மடக்குனதா? கொக்குகூட உன்னைவிட நல்லா மடக்கும்!"

அவள் சேற்றுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சேற்றில் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் கையில் கொப்புளம் போட்டு உடைந்தது. யாரும் பரிதாபப்படவில்லை. "உப்புத் தண்ணியில வை, செத்துப்போக மாட்ட," என்றார் தோகுஜி.

அன்றைக்கே ஊர் ஒன்று கூடி முடிவு செய்தது. இந்த வருடம் புல்லில் கை வைப்பதில்லை. நம் பெண்ணின் வேலை போகக் கூடாது. முடிவு செய்துவிட்டால் போதுமா? எங்களை எங்களுக்குத் தெரியாதா? தோகுஜியே யோசனை சொன்னார். எல்லாப் புல்வெட்டி மெஷினையும், அரிவாளையும் கொண்டுவந்து சிஹாருவின் பின்கட்டுக் கொட்டகையில் போட்டுப் பூட்டுவது. சாவி அவள் இடுப்பில். யார் வந்து கெஞ்சினாலும் தரக் கூடாது.

"நானே வந்து கேட்டாலும் குடுக்காத," என்றார் அவர், தன் மெஷினை ஒரு தடவை தடவிக் கொடுத்துவிட்டு.

ஜூன் மாத மழை கொட்டியது. ஜூலை வெயில் காய்ந்தது. புல்லுக்குச் சொல்ல வேண்டுமா? முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்குள் வருகிற பாதையில் இரண்டு பக்கமும் சாய்ந்து, நடுவில் நடந்தால் தொடையை அறுத்தது. வளைவில் வழிப்போக்கருக்குக் காவலாக நிற்கிற கல் ஜிசோ சாமிக்குத் தலையில் கட்டிய சிவப்புத் துணி மட்டும் தெரிந்தது. நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை வாயால் சொல்ல முடியாது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எதிரெதிரே பார்த்துக்கொண்டால் ஊர் மானத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தோம். ஒரு கிழவி வெறும் கையால் புல் பிடுங்கியதைப் பார்த்து நானே அவள் கையில் ஓர் அடி போட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போய், ஆற்றாமை தாங்காமல் என் அடுப்படியை இரண்டு தடவை தேய்த்துக் கழுவினேன்.

மேல் ஊரான கமிதானிக்காரர்கள் பஸ்ஸில் போகும்போது ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பேசினார்கள்.

"இசோதானியில யாரும் உசிரோட இல்லையா என்ன?"

"இருந்தாலும் புல்லுக்குள்ள எங்க தேடுறது?"

பஸ் நிறுத்தத்தில் நின்ற தோகுஜி பல்லைக் கடித்துக்கொண்டு, "விருந்தாளிங்களுக்காக விட்டு வெச்சிருக்கோம்!" என்று கத்தினார். பஸ்ஸே குலுங்கியது, அப்படிச் சிரித்தார்கள். அந்த மனுஷன் ஒரு நாள் என் வாசலுக்கு வந்து, "சாவி சிஹாருகிட்ட பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டார். "இருக்கு, போங்க," என்று விரட்டினேன்.

ஆனால் ஊர் தாங்கியது. இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். இரண்டு மாதம், ஒரு புல்லை, ஒரே ஒரு புல்லை நாங்கள் வெட்டவில்லை. அவளுக்காக.

பிள்ளைகள் வருகிற நாளும் வந்தது. மத்தியான பஸ். நான் விடியற்காலையில் எழுந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். அப்போதுதான் கேட்டது அந்தச் சத்தம். புல்வெட்டி மெஷின். காதில் தேன் பாய்ந்த மாதிரியும் இருந்தது, அடிவயிற்றில் நெருப்புப் பற்றிய மாதிரியும் இருந்தது. பூட்டை உடைத்துவிட்டார், தோகுஜி பூட்டை உடைத்துவிட்டார் என்று, களைந்த அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

தோகுஜி இல்லை. தலையில் துண்டு கட்டிக்கொண்டு, இடமும் வலமுமாக மெஷினை வீசி, பாதைப் புல்லைச் சாய்த்துக்கொண்டிருந்தவள் சிஹாரு.

"அடிப்பாவி! என்னடி காரியம் பண்ற?"

அவள் மெஷினை நிறுத்தினாள். முகம் சிவந்து, கன்னமெல்லாம் புல் ஒட்டியிருந்தது. திருடும்போது பிடிபட்டவள் மாதிரி, "என் வாசல் மட்டும்தான் அக்கா," என்றாள்.

"வாசலா? ஜிசோ வளைவு வரைக்கும் வந்துட்டியேடி! உன் வாசல் எந்த ஊர் வரைக்கும் போகும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது போல் இருந்தது.

"நேத்து சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நின்னு பார்த்தேன்," என்றாள். "இறங்கினதும் அவங்க கண்ணுல முதல்ல இதுதான் படும். இந்த ஊர்ல என்ன மனுஷங்க இருக்காங்கன்னு நினைப்பாங்க? சாமிகூட புல்லுக்குள்ள நிக்குது. எனக்கு நெஞ்சு ஆறல அக்கா. வாசலை மட்டும் சரி பண்ணிட்டு நிறுத்திடலாம்னுதான் எடுத்தேன். நிறுத்த முடியல."

"உன் வேலை போகுமேடி!"

"தெரியும்."

"மாட்சுயாமாவுல மேசைக்குப் போட்டுடுவாங்களே!"

"தெரியும் அக்கா. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு, பஸ் ஸ்டாப் வரைக்கும்." சொல்லிக்கொண்டே மெஷின் கயிற்றை மறுபடி இழுத்தாள்.

புத்தி உள்ளவளாக இருந்தால் நான் அந்த மெஷினைப் பிடுங்கியிருக்க வேண்டும். இரண்டு அறை வைத்திருக்க வேண்டும். நின்றேன். வெட்டிய பச்சைப் புல் வாசனை மூக்கில் ஏறியது. இரண்டு மாதமாக என் கை என்ன பாடுபட்டது என்று எனக்கல்லவா தெரியும்.

"கொட்டகை திறந்திருக்கா?" என்று கேட்டேன்.

நான் அரிவாளோடு திரும்பி வருவதற்குள் ஊர் முழுக்க வந்துவிட்டது. அவரவர் மெஷினை அவரவர் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் ஏன், என்ன என்று கேட்கவில்லை. தோகுஜி மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிஹாருவின் முன்னால் நின்றார்.

"சாவியை உன்கிட்ட குடுத்தோம். வேலியே பயிரை மேய்ஞ்ச மாதிரி பண்ணிட்டியே!" என்றார். கோபமாகச் சொல்லத்தான் பார்த்தார். பேரன் பிறந்த செய்தி கேட்டபோதுகூட அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. "தள்ளு. நீ வெட்டுறது கோணலா இருக்கு. ஓரத்தை யார் வெட்டுவா, உங்க ஒசாகாக்காரனா?"

மத்தியான பஸ் வந்து நின்றபோது பாதை ஓரம் நூல் பிடித்த மாதிரி இருந்தது. ஜிசோ சாமிக்குப் புதுச் சிவப்புத் துணி. வெட்டிய புல்லை எல்லாம் கமிதானிக்காரர்கள் பார்க்கும்படி பஸ் பாதை ஓரமாகவே குவித்து வைத்திருந்தோம். அது என் யோசனை. நோபுவோ ஓட்டுநர் இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "போச்சுடா!" என்றான்.

இறங்கிய பதினாலு பேரில் முதலாவதாக வந்த டென்மார்க் பெண், ஸிக்னே என்று பெயர், கையுறையை மாட்டிக்கொண்டே சிஹாருவிடம் ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள் என்று மொழிபெயர்க்கத் தேவையே இல்லை. ஆறு வருடமாக எல்லோரும் கேட்கிற கேள்விதான். சிஹாரு காதில் ஒட்டியிருந்த புல்லை எடுத்துக்கொண்டே ஆழமாகக் குனிந்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். "முதல்ல சாப்பாடு," என்று எங்கள் பாஷையிலும் சொன்னாள், எங்களுக்கும் கேட்கட்டும் என்று. எனக்கு அப்போதுதான் போட்டது போட்டபடி விட்டு வந்த அரிசி ஞாபகம் வந்தது.

அவர்கள் சாப்பிட்டார்கள், கடலில் குளித்தார்கள், போனார்கள். எழுதினார்கள்.

அறிக்கை மேலே போய்க் கீழே வர அக்டோபர் ஆயிற்று. முதல் பறிப்பு ஆரஞ்சு, பாதி பச்சையாகவே இருப்பது, கிடங்குக்கு வந்துகொண்டிருந்தது. தன்னார்வலர்கள் இல்லாத மாதங்களில் சிஹாரு எங்களோடு உட்கார்ந்து பழம் தரம் பிரிப்பாள். தரம் பிரிப்பது என்று பெயர். பெரியதைச் சின்னதோடு போடுவாள், சின்னதைக் கூடைக்கு வெளியே போடுவாள். அன்றைக்குப் போன் வந்தபோது கை முழுக்கப் பழச்சாறு ஒட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். மாட்சுயாமா மேலாளர்.

"சிஹாரு சான், அறிக்கை வந்திருக்கு. பாதையில புல்லே இல்லைன்னு எழுதியிருக்காங்க. இது கடைசி வாய்ப்புன்னு நான் அவ்வளவு தெளிவா சொல்லியிருந்தேனே. மறுபடியும் ஊர்க்காரங்க வெட்டிட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். பொய்யும் இல்லை, பாதிக்கு மேல் நாங்கள்தானே வெட்டினோம். தோகுஜி என்னைப் பார்த்து, "ஆமான்னு சொல்லச் சொல்லு" என்று வாயை மட்டும் அசைத்தார். நான் சிஹாருவைத் தொடையில் கிள்ளினேன்.

"இல்லை சார். நான்தான் வெட்டினேன்," என்றாள்.

"நீங்களா? நீங்க எதுக்கு வெட்டினீங்க?"

"விருந்தாளி வர்றப்போ வாசல்ல புல்லை விட்டு வைக்கிறது எங்க ஊர்ல வழக்கமில்லை சார்."

மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். இசோதானி பெயரை எடுத்தாகிவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து மாட்சுயாமாவில் ஒரு மேசை இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட அவள் சொல்லவில்லை. வரவில்லை என்றாள். நன்றி சொல்லி, எதிரில் இல்லாத மனுஷனுக்குக் குனிந்து, போனை வைத்தாள். கழுத்துக் கயிற்றைக் கழற்றிப் போனில் சுற்றினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஆறு வருட உத்தியோகம் அல்லவா. நாங்கள் யாரும் ஆறுதல் சொல்லவில்லை. வாயைத் திறந்திருந்தால் நாங்களும் அழுதிருப்போம்.

தோகுஜி பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"வீடு ஊரோடது. அந்த அமைப்போடது இல்ல. ஞாயித்துக்கிழமை வாய்க்கா வேலை இருக்கு. போன தடவை மாதிரி மண்ணை மறுபடி உள்ள கொட்டுன, உன்னையும் சேர்த்து அள்ளிப் போட்டுடுவேன்."

"வர்றேன், வர்றேன். கத்தாதீங்க," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. கண்ணைத் துடைத்த கையாலேயே ஒரு பழத்தை எடுத்து, பெரிய பழம், நேராகச் சின்னப் பெட்டியில் போட்டாள்.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றேன் நான்.